ஸ்த்ராத்தா – ஸிராத்: ஒரு சொல்லின் நெடும்பயணம்

சூரத்துல் ஃபாத்திஹாவில் ‘ஸிராத்’ என்னும் சொல் இருமுறை வருகிறது. நாளொன்றுக்குக் கடமையான ரக்அத்துகள் 17. எனவே தனித்துத் தொழும் ஒருவர், சுன்னத்தான தொழுகைகளைக் கணக்கில் சேர்க்காமலேயே, நாள்தோறும் 34 முறை இச்சொல்லை மொழிகிறார். அதே மனிதர் சென்னையிலோ கொழும்பிலோ வாழ்பவராயின், முகவரி கேட்போரிடம் இன்ன ‘ஸ்ட்ரீட்’ என்று சொல்லவும் கூடும். முன்னது அரபு வழியாக நம்மிடம் வந்தது. பின்னது ஆங்கிலத்தின் வழியாக வந்தது. இரண்டும் ‘ஸ்த்ராத்தா’ என்னும் ஒரே லத்தீன் சொல்லினின்று கிளைத்தவை என்பது மொழியியலார் பெரும்பாலோரின் முடிவு. இதைக் கேள்வியுறும் நம்மவர் சிலர் துணுக்குறுகின்றனர். தான் தெளிவான அரபு மொழியில் அருளப்பட்டதாகக் கூறும் திருமறையில் (26:195) ரோமரின் சொல் எங்ஙனம் இடம்பெறும்? அரபிக் கல்லூரியின் தஃப்ஸீர் வகுப்பில் ஏறத்தாழ ஆண்டுதோறும் எழும் வினா இது. விடை காண்பதற்கு முன் அச்சொல்லின் பிறப்பிடத்தை அறிந்துகொள்வது நலம்.

லத்தீனில் சாலைக்குரிய பழஞ்சொல் ‘வியா’ என்பதாகும். கி.மு. 312இல் அப்பியஸ் கிளாடியஸ் தொடங்கிய புகழ்பெற்ற சாலை ‘வியா அப்பியா’ என்றே பெயர் பெற்றது. ‘ஸ்தெர்னெரே’ என்பது வேறொரு சொல். பரப்புதல், விரித்தல், தளம் பாவுதல் என்பன அவ்வினையின் பொருள்கள். படுக்கை விரிப்பதற்கும் அதுவே, குதிரைக்குச் சேணம் போடுவதற்கும் அதுவே. கல் பரப்பப்பட்ட சாலையை ‘வியா ஸ்த்ராத்தா’ என்றனர். அதாவது ‘பாவப்பட்ட வழி’. ‘வியா’ பெண்பாற் பெயராதலின் அதற்கு அடையாக வந்த சொல்லும் பெண்பால் ஈறு பெற்றது. காலப்போக்கில் பெயர் உதிர, அடை மட்டும் எஞ்சிப் பெயராயிற்று. 4ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் எவுத்ரோப்பியஸ், பேரரசர் அவ்ரேலியனின் மரணத்தைக் கூறுமிடத்தில் இதனைத் தனிப்பெயராகவே ஆள்கிறார். ‘மஸ்ஜிது ஜாமிஉ’ என்பதில் மஸ்ஜித் உதிர்ந்து ‘ஜாமிஉ’ என்பதே பள்ளிவாசலின் பெயராக நின்றதை அறிந்த நமக்கு இம்மாற்றம் புதிதன்று.

இவ்வினையின் வேர் லத்தீனுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியின் ‘ஸ்த்ரு’ என்னும் தாதுவும் இதுவும் ஓர் இனம். ‘விஸ்தாரம்’ என்று நாம் வழங்கும் சொல் அத்தாதுவினின்று வந்தது. படுக்கையைக் குறிக்கும் பாரசீக ‘பிஸ்தர்’ என்ற சொல்லையும் இக்குடும்பத்தில் சேர்க்கின்றனர். ஆக, சாலை என்ற பொருள் பின்னர் வந்து சேர்ந்தது; முதற்பொருள் விரிப்பு.

ரோமப் பேரரசு சிதைந்து, பேச்சு லத்தீன் பல மொழிகளாகப் பிரிந்தபோது ‘ஸ்த்ராத்தா’ ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு விதி பெற்றது. இத்தாலியில் அது ‘ஸ்த்ராதா’ ஆயிற்று. உயிர்களுக்கிடையே நின்ற வல்லொலி மெலிந்தது. தமிழ் எழுத்து இந்த மாற்றத்தைத் தானாகவே காட்டிவிடுகிறது: இரட்டித்த தகரம் வன்மையாகவும் தனித்த தகரம் மென்மையாகவும் ஒலிப்பது நமக்கு இயல்பு. இத்தாலியரிடம் இச்சொல் இன்றும் உயிர்ப்புடன் இருக்கிறது. மிலானிலிருந்து ஏரிப் பகுதியை நோக்கி, மோட்டார் வண்டிகளுக்கென்றே அமைத்த சாலை 1924இல் திறக்கப்பட்டபோது அதனை ‘அவுத்தோஸ்த்ராதா’ என்றனர். போர்ச்சுகீசியர் நெடுஞ்சாலையை ‘எஸ்த்ராதா’ என்பர். ஸ்பானியத்திலும் அவ்வடிவம் உண்டு. ஆயினும் அன்றாட வழக்கில் அது பின்தங்கிவிட்டது. அங்கே சாலைக்கு வேறு சொற்கள் முந்திக்கொண்டன: கால் இனத்தவரின் மொழியிலிருந்து லத்தீனுக்குள் வந்த ‘கமினோ’ அவற்றுள் ஒன்று. பழைய பிரெஞ்சில் ‘எஸ்த்ரே’ என்றொரு வடிவம் வழங்கியது. இன்று அது பேச்சில் இல்லை. வடபிரான்சின் எஸ்த்ரே என்னும் ஊர்ப்பெயர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வூர்கள் பழைய ரோமச் சாலைகளின் ஓரத்தில் அமைந்தவை. பிரெஞ்சுக்காரர் தெருவுக்குத் தேர்ந்த சொல்லோ ‘ரூ’. லத்தீனில் அதன் மூலத்துக்குத் தோலின் சுருக்கம் என்று பொருள்! வீடுகளுக்கிடையே விழுந்த மடிப்பாக அவர்கள் தெருவைக் கண்டனர் போலும்.

ருமேனியத்தின் நிலை விந்தையானது. அங்கே தாய்மொழியிலிருந்து வழிவழியாக வந்தது ‘ஸ்த்ராத்’ என்னும் சொல். அதற்குப் பாத்தி, அடுக்கு என்று பொருள். தெருவைக் குறிக்கும் ‘ஸ்த்ராதா’வை அவர்கள் பிற்காலத்தில் வெளியிலிருந்து கடனாகப் பெற்றனர். ஸ்பானியத்தின் ‘எஸ்த்ராதோ’வும் சாலையன்று. கம்பளம் விரித்து மெத்தைகள் இட்ட மேடை அது. அதன்மீது ஸ்பானிய மகளிர், அந்தலூசிய முஸ்லிம் மகளிர் அமர்ந்த முறையிலேயே கால் மடக்கி அமர்ந்திருந்தனர். அந்த வழக்கம் முஸ்லிம் ஆட்சி அங்கே முடிந்த பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. இன்று அச்சொல்லின் பன்மை நீதிமன்றத்தைக் குறிக்கிறது. லத்தீன் வினையின் முதற்பொருளாகிய விரிப்பு இவ்விரு சொற்களிலும் அப்படியே தங்கியிருப்பதைக் காண்க.

ஜெர்மானிய இனத்தார் இச்சொல்லைப் பெற்றது மிக முற்காலத்தில். லத்தீனில் வல்லொலி மெலியத் தொடங்குமுன். அதனால்தான் ஆங்கிலத்தின் ‘ஸ்ட்ரீட்’ வன்மையைக் காத்து நிற்கிறது. ஜெர்மனின் ‘ஷ்ட்ராஸ’வில் ஸகரம் வந்தது அம்மொழியில் பின்னர் நிகழ்ந்த மாற்றம்.

போர்ச்சுகீசியரும் ஸ்பானியரும் முன்னே ஓர் எகரத்தைச் சேர்த்துக்கொண்டதைக் கவனித்திருப்பீர்கள். மூன்று மெய்கள் அடுத்தடுத்து மொழிமுதலில் நிற்பது அவர்கள் நாவுக்கு ஒவ்வவில்லை. நம் கிராமத்தார் ‘இஸ்கூல்’, ‘இஸ்டேஷன்’ என்பதும் இதே காரணம் பற்றியே. கிழக்கே அரமேய மொழியினரும் இதையே செய்தனர். அவர்கள் வாயில் இச்சொல் ‘இஸ்த்ராத்தா’ ஆயிற்று. நம் கதை இங்கிருந்து கிழக்கே திரும்புகிறது.

கி.பி. 106இல் ரோமர் நபத்தியரின் நாட்டைத் தம் ஆட்சியுடன் இணைத்துக்கொண்டனர். அடுத்த சில ஆண்டுகளில், 114க்குள், சிரியாவின் புஸ்ராவிலிருந்து செங்கடல் முனையிலுள்ள ஐலா வரை புதுச்சாலை ஒன்றை அமைத்தனர். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, டயோக்ளீஷியன் (ஆட்சி 284–305) காலத்தில், யூப்ரடீஸ் கரையிலிருந்து பல்மைரா (தத்முர்) வழியாகத் திமிஷ்க் நோக்கிக் கோட்டைகள் காக்கும் மற்றொரு பாதை எழுந்தது. அதன் மைல்கற்களில் ‘ஸ்த்ராத்தா தியோக்ளெத்தியானா’ என்ற பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. பிரெஞ்சுப் பாதிரியார் அந்துவான் புவாதெபார் 1925 முதல் 1932 வரை விமானத்தில் பறந்து இப்பாலைவழிகளைப் படமெடுத்து, 1934இல் நூலாக வெளியிட்டார். இப்பாதையின் பல பகுதிகளில் கல்தளமே இல்லை. கற்களை ஒதுக்கிச் சீர்செய்த தடம் மட்டுமே உண்டு. ஆயினும் பெயர் ‘பாவப்பட்டது’ என்றே நின்றது. சொல் தன் முதற்பொருளை அப்போதே கழற்றத் தொடங்கிவிட்டது எனலாம்.

அரபியருக்கு வழிகள் புதியன அல்ல. விண்மீன் பார்த்தும் குளம்படித் தடம் பார்த்தும் செல்லும் வழிகளுக்கு அவர்களிடம் சொற்கள் மலிந்திருந்தன. அரசின் ஆணையால் அளந்து, கல் நாட்டிச் செய்த சாலைதான் புதிது. பொருள் வரும்போது அதன் பெயரும் உடன் வரும். குறைஷியரின் வணிகக் கூட்டங்கள் சென்ற திசையும் இச்சாலைகள் கிடந்த ஷாம் தேசமே. அரமேயத்தின் ‘இஸ்த்ராத்தா’ அரபுக்குள் நுழைகையில் முன்னொட்டான இகரத்தையும் இறுதி நெடிலையும் இழந்தது. தகரம் ஒன்றும் தேய்ந்தது. ‘ஃபிஆல்’ என்னும் அச்சில் கிதாப், லிபாஸ் முதலிய சொற்களின் வரிசையில் ‘ஸிராத்’ அமர்ந்துகொண்டது. அதே அச்சில் விரிப்பைக் குறிக்கும் ‘ஃபிராஷ்’, ‘பிஸாத்’ ஆகிய தூய அரபுச் சொற்களும் உள்ளன. நூஹ் அத்தியாயம் பூமியைப் ‘பிஸாத்’ என்று கூறி, அடுத்த வசனத்திலேயே அதன் விசாலமான வழிகளைப் பேசுகிறது (71:19–20). விரிப்பும் வழியும் அருகருகே நிற்பதில் மொழியியல் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் இக்கதையை அறிந்தவருக்கு அவ்விடம் ஒரு கணம் நின்று ஓதத் தூண்டும்.

இச்சொல்லைப் பற்றி அரபியர் இருவர் வழக்காடிய வரலாறு ஒன்று உண்டு. கி.பி. 539ஐ ஒட்டி நிகழ்ந்தது அது. பேரரசர் ஜஸ்டினியன் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோபியஸ், பாரசீகப் போரைப் பற்றிய தம் நூலில் அதனைப் பதிவு செய்துள்ளார். பல்மைராவுக்குத் தெற்கே மரமோ பயிரோ இல்லாத ஒரு வறள்நிலம். சில மந்தைகள் மேய்வதற்கு மட்டுமே உதவும் அந்நிலத்துக்கு ‘ஸ்த்ராத்தா’ என்றே பெயர். ரோமரின் சார்பில் நின்ற கஸ்ஸான் குலத் தலைவர் ஹாரிஸ் இப்னு ஜபலாவும், பாரசீகரின் சார்பில் நின்ற ஹீராவின் அரசர் முன்திரும் அதற்கு உரிமை கோரினர். ஹாரிஸ் காட்டிய சான்று மொழிச் சான்று: இவ்விடத்தின் பெயரே லத்தீன்; அதற்குப் பாவப்பட்ட சாலை என்று பொருள்; ஆகவே நிலம் ரோமருடையது. முதியோர் சிலரின் சாட்சியத்தையும் அவர் துணைக்கு அழைத்தார். முன்திர் பெயரைப் பற்றி வாதிடவே முன்வரவில்லை. பெயர் யாருடையதாயினும் ஆகுக. இங்கே மந்தை மேய்ப்போர் தொன்றுதொட்டு மேய்ச்சல் வரி செலுத்தி வருவது எனக்கு என்பதே அவர் மறுமொழி. ஜஸ்டினியன் இருவரைத் தீர்ப்புக்கு அனுப்பினார். அவர்களோ தமக்குள் உடன்படவில்லை. பாரசீக வேந்தர் குஸ்ரோ போருக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே, 540இல், அவர் படை சிரியாவுக்குள் புகுந்தது.

சொற்பிறப்பைக் கொண்டு உரிமையை நிலைநாட்ட ஹாரிஸ் முயன்றார். சொற்பிறப்பு வேறு, உரிமை வேறு என்றார் முன்திர். அந்நிலம் உண்மையில் யாருடையது என்ற ஆய்வு நமக்கு வேண்டியதில்லை. வாத முறையில் முன்திரின் பக்கமே வலிவுடையது என்பது என் துணிபு. ‘ஸிராத்’ குறித்து நம் அறிஞர்களிடையே பின்னர் எழுந்த கருத்துவேறுபாடும் இவ்விரு நிலைகளுக்கிடையே தான் ஊசலாடுகிறது.

இமாம் ஷாஃபிஈ (ரஹ், இறப்பு ஹி. 204 / கி.பி. 820) தம் ‘அர்ரிஸாலா’வில் குர்ஆனில் அரபல்லாத சொல் எதுவும் இல்லை என்று வலியுறுத்தினார். அரபு மிக விரிந்த மொழி. ஒரு நபியைத் தவிர வேறெவரும் அதனை முழுதும் அறிந்தவர் அல்லர். ஆகவே ஒருவர் அறியாத சொல்லை அந்நியச் சொல் என்று கூறிவிடலாகாது என்பது அவர் வாதம். தபரீ (இறப்பு ஹி. 310 / கி.பி. 923) வேறு வழி கண்டார்: சில சொற்கள் இரு மொழிகளிலும் ஒத்து அமைந்திருக்கலாம், ஒன்று மற்றொன்றிடம் கடன் வாங்கியதாகக் கொள்ள வேண்டியதில்லை. மறுபக்கம், இப்னு அப்பாஸ் (ரலி) முதலானோர் பல சொற்களை அபிசீனியம், பாரசீகம் முதலிய மொழிகளுக்கு உரியனவாகச் சுட்டியதாக அறிவிப்புகள் உள்ளன. இமாம் சுயூத்தி (ஹி. 849–911) ‘அல்இத்கான்’ நூலில் அச்சொற்களை அகரவரிசையில் தொகுத்தளித்துள்ளார். அதில் ‘ஸிராத்’ இடம்பெறுகிறது. அது ரோமரின் மொழியில் வழி என்று பொருள்படும் என நக்காஷும் இப்னுல் ஜவ்ஸியும் கூறியதை எடுத்துக்காட்டும் அவர், அபூஹாத்திமின் ‘கிதாபுஸ் ஸீனா’விலும் அதனைக் கண்டதாகக் குறிக்கிறார். ஆகவே இதனை ஐரோப்பியக் கீழைத்தேயவியலாளர் கண்டுபிடித்துக் குற்றச்சாட்டாக நம்மீது எறிந்தனர் என்று எண்ணுவது பிழை. ஃப்ரேங்கெல் 1886இல் எழுதியதற்கும், ஆர்தர் ஜெஃப்ரி 1938இல் நம் பரோடாவிலிருந்து வெளியிட்ட நூலில் தொகுத்ததற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே நம் நூல்களில் அது இருந்தது. அரமேய இடைவழியை நிறுவியது மட்டுமே அவர்களின் பங்கு.

தபரீயின் விளக்கம் சில சொற்களுக்குப் பொருந்தலாம், இச்சொல்லுக்குப் பொருந்தவில்லை. லத்தீனில் ஸ்த்ராத்தாவுக்கு வினை உண்டு, சுற்றம் உண்டு. அரபில் ஸாத்–ரா–தா என்ற வேரிலிருந்து வழங்கும் வினையே இல்லை. ‘ஸிராத்’ தனித்து நிற்கிறது. எனவேதான் அகராதியாளர் ஸீன் எழுத்தில் தொடங்கும் ‘ஸரத்த’ என்ற வினையை நாடினர். விழுங்குதல் என்பது அதன் பொருள். வழியானது தன்மீது செல்வோரை விழுங்கிவிடுகிறது என்று ஸமக்‌ஷரியும், வழி பயணியை விழுங்குகிறது அல்லது பயணி வழியை விழுங்குகிறான் என்று ராகிப் அல்இஸ்ஃபஹானியும் விளக்கம் தந்தனர். அழகிய கற்பனை! ஆயினும் இது சொல்லுக்குப் பின்னால் ஓடிச் சென்று பொருத்திய காரணம். மேற்கே செவில் நகரின் ஆயர் இசிதோர் (இறப்பு கி.பி. 636) தம் சொற்பிறப்பு நூலில், மக்களின் பாதங்களால் தேய்க்கப்பட்டதால் ‘ஸ்த்ராத்தா’ எனப்பட்டது என்று எழுதினார். அதுவும் பிழையே. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தவரான இசிதோர் ஒரு முனையிலும், ஐந்து நூற்றாண்டுகள் கழித்து வந்த ஸமக்‌ஷரி மறுமுனையிலும் ஒரே சொல்லைத் தாம் ஆராய்வதை அறியாமலே, பயணியின் காலையும் வழியின் வாயையும் கொண்டு அதற்குப் பொருள் தேடியிருக்கின்றனர். சாலைகளில் முதன்முதல் கல் பாவியவர் கார்த்தேஜினர் என்று சொல்லப்படுவதாகவும் இசிதோர் குறிக்கிறார். கார்த்தேஜினர் பேசியது அரபுக்கு உறவான செமித்திய மொழி. அச்செய்தியின் உறுதியைப் பற்றி நான் வாதிட வரவில்லை; சுவை கருதிச் சொன்னேன்.

வழக்கைத் தீர்த்தவராக நான் கருதுவது அபூஉபைத் அல்காசிம் இப்னு ஸல்லாமை (இறப்பு ஹி. 224 / கி.பி. 838). இரு சாராரும் உண்மையே கூறினர் என்றார் அவர். இச்சொற்கள் தோற்றத்தால் அந்நியமானவை. பின்னர் அரபியர் வாயில் புகுந்து, அரபின் ஒலியும் அச்சும் பெற்று அரபாயின. அதன் பின்னரே குர்ஆன் அருளப்பெற்றது. எனவே அந்நியம் என்பாரும் அரபு என்பாரும் தத்தம் நிலையில் சரியே. தொன்றுதொட்டு வரும் ஆட்சியே உரிமை என்ற முன்திரின் வாதம் இங்கே இலக்கணத்தின் மொழியில் ஒலிக்கிறது. அபூஉபைதின் தந்தை ஹெராத்தைச் சேர்ந்த ஒருவரிடம் அடிமையாக இருந்த ரோமர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தந்தை ரோமராயினும் மகன் அரபு மொழியின் இமாமானார்.

சொல் அரபானதற்குக் கிராஅத் கலையே சான்று. இப்னு கஸீரின் ஓதலைக் குன்புல் வாயிலாகவும், யஃகூபின் ஓதலை ருவைஸ் வாயிலாகவும் ஓதுவோர் இதனை ஸீன் எழுத்தில் ஓதுவர். ஹம்ஸாவின் ஓதலைக் கலஃப் அறிவிக்கும் முறையில் ஸாத் எழுத்துடன் ஸாய் எழுத்தின் சாயல் கலக்கும். ஏனையோரில் பெரும்பாலோர் ஓதுவது ஸாத். அதுவே குறைஷியரின் மொழி என்பர். பின்னால் வரும் ‘தா’ வல்லழுத்தம் உடையது. அது தன் முன்னுள்ள ஸீனையும் தன்பால் இழுத்து ஸாத் ஆக்கிவிட்டது. லத்தீனின் மெல்லிய ஸகரத்தை ஸீன் ஓதல் இன்னும் காத்து நிற்கிறது என்றும் இதைக் காணலாம்.

பொருளிலும் சொல் பழைய நிலையில் நிற்கவில்லை. திருக்குர்ஆனில் 45 இடங்களில் வரும் ‘ஸிராத்’ ஓரிடத்திலேனும் பன்மையில் வரவில்லை. ‘ஸபீல்’ என்பதற்கோ ‘ஸுபுல்’ என்ற பன்மை அங்கேயே உண்டு. அல்அன்ஆம் அத்தியாயத்தில் (6:153) பின்பற்றுமாறு பணிக்கப்படுவது ஒரு ஸிராத். விலகுமாறு பணிக்கப்படுவன பல ஸுபுல். தரையிலுள்ள சாலை என்ற பழம்பொருள் வெளிப்படையாகத் தோன்றும் இடம் ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களிடம் பேசுமிடம் (7:86): வழிகள்தோறும் அமர்ந்து மக்களை அச்சுறுத்த வேண்டாம் என்கிறார்கள். ஏனைய இடங்களில் பெரும்பாலும் ‘முஸ்தகீம்’ என்ற அடை சேர்ந்து, நேர்மையே அதன் பொருளாகிவிட்டது. லத்தீன் சொல்லின் கருவில் நேர்மை இல்லை. கல் மட்டுமே இருந்தது. ஹதீஸ்களிலோ நரகின் மீது அமைக்கப்படும் பாலம் ஸிராத் எனப்படுகிறது. நம் ஊர்களில் ‘சிராத்துல் முஸ்தகீம் பாலம்’ என்று பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். படைகள் அணிவகுக்க அகலமாகப் பாவிய சாலையின் பெயர், மயிரிழையினும் மெல்லிய பாலத்துக்கு ஆயிற்று.

இத்தகைய சொல்லை மாட்டுவண்டி செல்லும் தெருவுக்கு இட்டு வழங்க நா கூசுமல்லவா? அரபியர் அன்றாடச் சாலைக்குத் தரீக், ஷாரிஉ என்ற சொற்களையே கொண்டனர். அந்தலூசியாவில் ரோமரின் பழைய கல்சாலைகளைக் கண்டபோதும் அவர்கள் அவற்றை ஸிராத் என்று அழைக்கவில்லை. ‘ரஸீஃப்’, ‘பலாத்’ என்றனர். அந்த ரஸீஃபைத்தான் ஸ்பானியர் ‘அர்ரெசிஃபே’ என்று பெற்றுக்கொண்டனர். முதலில் அங்கும் அதற்குக் கல்சாலை என்றே பொருள். இன்று கடலடிப் பாறைத்திட்டு.

அன்றாட வழக்கிலிருந்து ஸிராத் விலகியது எத்துணை விரைவில் என்பதற்கு ஒரு கல்வெட்டுச் சான்று உண்டு. உமையாக் கலீஃபா அப்துல் மலிக் (ஆட்சி கி.பி. 685–705) பாலஸ்தீனத்தில் நாட்டிய மைல்கற்கள் சில கிடைத்துள்ளன. ரோமர் வழக்கத்தைப் பின்பற்றி, ரோமர் ஆண்ட நிலத்திலேயே அவை நாட்டப்பட்டன. சாலையைச் சீரமைக்கவும் தூரக்கற்கள் செய்யவும் கலீஃபா ஆணையிட்டதாக அரபில் அவை அறிவிக்கின்றன. அங்கே சாலைக்கு இட்ட சொல் ‘தரீக்’. தூரத்துக்கு இட்ட சொல் ‘மீல்’. ஆயிரம் எட்டு என்று பொருள்படும் லத்தீன் தொடரின் ‘மில்லே’ என்பதே அரபில் மீல் ஆயிற்று. நாம் வழங்கும் மைல்கல்லில் உள்ள ‘மைல்’ என்பதும் அதுவே.